பிளஸ் 2 கணக்குல ஃபெயில்: பையனை எப்படி ஏத்துக்க வைக்கிறது?

கேள்வி
8 மே 2025, மதியம் 1.15

இன்னிக்கு ரிசல்ட். பையனுக்குக் கணக்குல 29. மத்ததெல்லாம் 60க்கு மேல. காலையில எஸ்எம்எஸ் வந்ததுல இருந்து ரூமை விட்டு வெளிய வரல. அவங்கப்பா ஒரு வார்த்தை பேசல, சாப்பிடாமக் கடைக்குப் போயிட்டார். மாமியார் போன் மேல போன். "தோல்வியை ஏத்துக்கப் பழகணும்"னு எல்லாரும் சொல்றாங்க. அதை 17 வயசுப் பையனுக்கு எப்படிச் சொல்லிப் புரிய வைக்கிறது? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.


பதில்
8 மே, இரவு 9.40

சொல்லாதீங்க. இன்னிக்கு ஒண்ணுமே சொல்லாதீங்க.

சோறு வைங்க. கதவைத் தாழ் போடாமப் பார்த்துக்கங்க. ராத்திரி யாராவது ஒருத்தர் அவன் ரூம்லயே பாய் போட்டுப் படுங்க, காரணம் சொல்ல வேண்டாம், "இங்க காத்து நல்லா வருது"ன்னு சொன்னாப் போதும். அவன் பேச்சு ஒரு மாதிரி போச்சுன்னா, இல்ல உங்களுக்கே பயமா இருந்துச்சுன்னா 104க்கு அடிங்க. அரசாங்க ஹெல்ப்லைன். மனநல ஆலோசனைக்கு 14416ம் இருக்கு. தமிழ்லயே பேசுவாங்க.

நாளைக்கு நீங்க மட்டும் ஸ்கூலுக்குப் போங்க. துணைத் தேர்வுக்கு எப்பக்குள்ள அப்ளை பண்ணணும்னு கேளுங்க. மார்க்குல சந்தேகம் இருந்தா விடைத்தாள் நகல் வாங்கலாம், அதை வாங்கின பிறகுதான் மறுமதிப்பீடு கேக்க முடியும். தேர்வு ஜூன் கடைசி வாக்குல இருக்கும். இந்த வருசமே காலேஜ் சேரலாம். இந்த விசயத்தை மட்டும் அவன் காதுல விழற மாதிரி வீட்ல யாருகிட்டயாவது பேசிக்கங்க. அவன்கிட்ட நேரா வேண்டாம்.

இதெல்லாம் சொல்ல நான் யாருன்னா, இன்ஜினியரிங்ல 9 அரியர் வெச்சிருந்தவன். எங்கப்பா பஸ் கண்டக்டர். அந்தக் கதை பெருசு, நேரம் கிடைக்கறப்ப எழுதறேன்.


10 மே, காலை 6.20

சரி, எழுதறேன். தூக்கம் வரல.

பவானிப் பக்கம் எங்க ஊர். அப்பாவுக்கு அரசு பஸ், டவுன் ரூட். சின்ன வயசுல லீவு நாள்ல டெப்போவுக்கு என்னையும் கூட்டிட்டுப் போவார். கடைசி டிரிப் முடிஞ்சதும் கேஷ் கவுண்டருக்கு வெளிய ஒரு சிமெண்ட் பெஞ்சுல உக்காந்து பையைக் கவுப்பார். ஐம்பது காசு தனியா, ஒரு ரூபா தனியா, ரெண்டு ரூபா தனியா அடுக்கு. அடுக்கு சாயாம இருக்கப் பக்கத்துல டிக்கெட் கட்டு. விரல் நுனி எல்லாம் கருப்பா இருக்கும். இன்வாய்ஸ்ல எத்தனை டிக்கெட் போயிருக்குன்னு எழுதியிருக்கும், அதுக்கும் காசுக்கும் ஒத்து வரணும். வரலைன்னா ஒரு நிமிசம் அப்படியே உக்காந்திருப்பார். அப்புறம் சட்டைப்பைக்குக் கை போகும். சொந்தக் காசை எடுத்து வெச்சுக் கட்டிட்டு வந்துருவார்.

இதை எதுக்குச் சொல்றேன்னா, என் ரேங்க் கார்டையும் அவர் அப்படித்தான் பார்ப்பார். எத்தனை வாங்கினேங்கறதைப் பார்க்கவே மாட்டார். ஒன்பதாவதுல கணக்கு 87 வாங்கிட்டு ஓடி வந்து நீட்டறேன். கண்ணாடியை மாட்டினார். பார்த்தார்.

"மிச்சம் 13 எங்க?"

திட்டல, அடிக்கல. குரலு கூட ஏறல. ஒரு கணக்குப் பொருந்தாத ஆள் கேக்கற கேள்வி. எனக்கு என்ன ஆச்சுன்னா, அந்த 13 மார்க்கை நான்தான் எங்கயோ எடுத்து மறைச்சுட்ட மாதிரி ஒரு திருட்டு முழி வந்துருச்சு. அப்புறம் எந்தப் பரிச்சை எழுதினாலும் வெளிய வரும்போதே மிச்சத்தைத்தான் கூட்டுவேன்.

அடிக்கற அப்பன் கதை எல்லாரும் சொல்லிட்டாங்க. இப்படி அமைதியா மிச்சம் கேக்கற அப்பனைப் பத்தி யாரும் சொல்றதில்ல.


11 மே, மாலை 4.05

ஒரு திருத்தம். அம்மா டிரங்குப் பெட்டியில என் ரேங்க் கார்டெல்லாம் இன்னும் வெச்சிருக்காங்க. போய்ப் பார்த்தேன். ஒன்பதாவது இல்லை, எட்டாவது. 87ம் இல்லை, 84. அப்ப மிச்சம் 16. அப்பா சரியாத்தான் கேட்டிருப்பார். இத்தனை வருசமா நான்தான் மூணு மார்க் கூட்டி வெச்சுக்கிட்டிருக்கேன்.


16 மே, இரவு 10.50

இன்னிக்குப் பத்தாவது ரிசல்ட். எங்க தெருமுனையில சாயந்திரத்துக்குள்ள ஃபிளக்ஸ் வந்துருச்சு. ரிசல்ட் வந்து எட்டு மணி நேரத்துல போட்டோ, டிசைன், பிரிண்ட் எல்லாம். மாநிலத்துல முதலிடம், ரெண்டாமிடம்னு அரசாங்கம் பேர் சொல்றதை 2017லயே நிறுத்திட்டாங்க. நல்லதுதான். ஆனா அந்த வேலையை இப்ப ஃபிளக்ஸ் கடைக்காரர் எடுத்துக்கிட்டார்.

நாமக்கல் ஹாஸ்டல் ஸ்கூல்ல படிச்சீங்களான்னு கேட்டிருந்தீங்க ஒருத்தர். ஆமா, நானும் அங்கதான். பத்தாவது முடிச்சதும் அப்பா சொசைட்டியில லோன் போட்டு அந்தப் பக்கம் ஒரு ஹாஸ்டல் ஸ்கூல்ல சேர்த்தார். பேர் வேண்டாம், எல்லாமே ஒரே மாதிரிதான். காலையில 4.30க்கு மணி. பல்லு விளக்கறதுக்கும் லைன், படிக்கறதுக்கும் லைன். பதினொண்ணாவது புத்தகத்தைக் கொடுத்தாங்க, பைண்டு கூடப் பண்ணினோம், பிரிக்கவே இல்லை. முதல் நாள்ல இருந்தே பன்னெண்டாவது பாடம். ஒரே பாடத்தை ரெண்டு வருசம். ரெண்டாவது வருசம் பூரா டெஸ்ட் மட்டும்தான்.

கணக்கை நாங்க கணக்காப் படிக்கல. புளூபிரிண்ட் வெச்சு எந்தப் பாடத்துல எத்தனை பத்து மார்க் வரும்னு பார்த்து, வராத பாடத்தை விட்டுட்டு, வர்றதை மனப்பாடம் பண்ணினோம். என் பக்கத்து பெட்காரன் ஒரு கணக்குல எக்ஸுக்குப் பதிலா ஒய் வந்ததுக்கு "சார், இது நடத்தல"ன்னு எழுந்து நின்னான். சிரிக்காதீங்க, அவன் அதுல 200க்கு 190க்கு மேல.

ஞாயித்துக்கிழமை மதியம் பெத்தவங்க வருவாங்க. வேப்ப மரத்தடியில வரிசையாத் தூக்குப் போசி. எங்கம்மா கொண்டு வர்ற கோழிக் குழம்பு வாசத்தோட அப்பா டெஸ்ட் ஷீட்டைக் கேப்பார். நான் ஒரு வாய் வைக்கறதுக்குள்ள மிச்சம் வந்துரும். இன்னிக்கும் வேப்ப மர நிழல்ல உக்காந்து சாப்பிட என்னால முடியாது. எங்கூட்டுக்காரி இதைச் சொன்னா சினிமா வசனம்ங்கறா. உண்மை.

2003 மார்ச். 1200க்கு 1041. மிச்சம் 159ன்னு பிரவுசிங் சென்டர் வாசல்லயே அப்பா கழிச்சுச் சொல்லிட்டார். அப்ப நுழைவுத் தேர்வு இருந்துச்சு, கட்-ஆஃப் 300க்கு. அதுல நான் 217.25. மனப்பாடம் நுழைவுத் தேர்வுல செல்லாதுங்கறது அங்க போய்த்தான் தெரிஞ்சுது.


19 மே, காலை 8.00

"அழுத்தம் கொடுத்தாத்தான் கரி வைரமாகும்"னு எழுதியிருக்கற அண்ணனுக்கு: எங்க ஊர்ல இஸ்திரிக் கடைக்காரர் தினமும் கரியை அமுக்கறார். கைதான் கருப்பாகுது.

"நாங்கெல்லாம் அடி வாங்கித்தான் ஆளானோம்"னு சொல்றீங்க. அடி வாங்கி ஆளாகாதவங்க இங்க வந்து எழுத மாட்டாங்கண்ணா. என் ரூம்மேட் ஒருத்தன் பதினொண்ணாவது அரையாண்டோட பெட்டியைக் கட்டிட்டான். சுவத்துல ஏறிக் குதிச்செல்லாம் இல்ல, அவங்கப்பாவே வந்து கூட்டிட்டுப் போனார். நாங்க வராந்தாவுல நின்னு பார்த்தோம். "தாங்க முடியாம ஓடறான்"னு வார்டன் சொன்னார், நாங்களும் அப்படித்தான் நினைச்சோம். அவன் பெருந்துறைப் பக்கம் லேத் பட்டறை போட்டு இருக்கான். போன வருசம் ஒரு கல்யாணத்துல பார்த்தப்பக் கேட்டேன், அன்னிக்கு எப்படிடா வீட்ல சொன்னேன்னு. "நான் எங்கடா சொன்னேன், எங்கப்பா வேப்ப மரத்தடியில என் கையைப் பார்த்தார். நகத்தைக் கடிச்சுக் கடிச்சு ரத்தம் கட்டியிருந்துச்சு. எந்திரிடா போலாம்னார்"ங்கறான்.

டெஸ்ட் ஷீட்டைப் பார்க்காமக் கையைப் பார்த்த ஒரே ஆள் அந்த வரிசையில அவர்தான்.


25 மே, இரவு 11.30

அரியர் கதை.

ஈரோட்டுக்குப் பக்கத்துலயே ஒரு சுயநிதிக் காலேஜ். அண்ணா பல்கலைக்கழகத்தோட சேர்ந்தது. முதல் செமஸ்டர் எம்1, அதான் கணக்குப் பேப்பரைத் திறந்தா எனக்கு ஒண்ணுமே தெரியல. எல்லாமே பதினொண்ணாவது பாடத்து மேல கட்டியிருக்கற வீடு, அந்தப் பதினொண்ணாவதைத்தான் நாங்க பைண்டு பண்ணி வெச்சுட்டோமே. எம்1, ஃபிசிக்ஸ், கிராஃபிக்ஸ். மூணு அவுட்டு. ரெண்டாவது செமஸ்டர் ரெண்டு. மூணாவதுல நாலு.

வீட்ல சொல்லல. மிச்சம் 16க்கே பதில் தெரியாதவன் இதுக்கு என்ன பதில் சொல்றது? அப்பா கேக்கறப்பெல்லாம் "ரிசல்ட் இன்னும் வரலப்பா, யுனிவர்சிட்டி லேட்டு"ன்னுவேன். காலேஜ்ல இருந்து வீட்டுக்கு லெட்டர் போடுவாங்க, மார்க்கும் அட்டெண்டன்ஸும் போட்டு. அதுக்குன்னே ஆபீஸ்ல கதவு எண்ணை மாத்திக் கொடுத்திருந்தேன். 14க்குப் பதிலா 41. எங்க தெருவுல 41 கிடையாது. என்ன ஒரு மூளைன்னு நானே மெச்சிக்கிட்டேன்.

போஸ்ட்மேன் தினமும் எங்கப்பா பஸ்லதான் போவார்னு யோசிக்கல.

2005 மார்ச். மதிய டிரிப். "ஏனுங்க, 41ன்னு போட்டிருக்குது, பேரு உங்க பையன் பேராட்ட இருக்குது, பாருங்கோ"ன்னு டிக்கெட் வாங்கும்போது நீட்டியிருக்கார். அப்பா அதை வாங்கி இன்வாய்ஸ் அட்டைக்கு அடியில சொருகிக்கிட்டார். பஸ் ஸ்டாண்டு வந்து, ஆளெல்லாம் இறங்கின பிறகு பிரிச்சுப் படிச்சிருக்கார். அப்புறம் விசில் ஊதி, அடுத்த டிரிப்பும் போயிட்டு வந்து, டெப்போவுல கணக்கு ஒப்படைச்சார். அன்னிக்கு 47 ரூபா ஷார்ட். வருசக்கணக்கா அத்தனை பெரிய ஷார்ட் அவருக்கு வந்ததில்லன்னு அம்மா சொன்னாங்க.

சனிக்கிழமை நான் ஊருக்குப் போனேன். லெட்டர் டிவி மேல இருந்துச்சு. அப்பா 11 நாள் என்கூடப் பேசல.

பன்னெண்டாவது நாள் ஹாஸ்டலுக்கு வந்தார். வீக்லி ஆஃப் போல, காக்கி இல்லாம வேட்டி சட்டை. கேன்டீன்ல உக்காந்தோம். டீ சொல்லல. பையில இருந்து ஒரு வெத்து இன்வாய்ஸ் ஷீட்டை எடுத்தார், சட்டைப்பையில இருந்து பேனா. டிக்கெட் நம்பர் எழுதற கட்டத்துல என்னை ஒவ்வொண்ணாச் சொல்லச் சொல்லி பேப்பர் பேரை எழுதினார். ஒன்பது வரி. எம்3ன்னு சொன்னப்ப "எம்1ம் இருக்குது, எம்3ம் இருக்குது, எம்2 எங்க?"ன்னு கேட்டார். அது பாஸ்னு சொன்னேன். அதுக்கு மட்டும் லேசாத் தலையாட்டினார்.

"ஷார்ட் விழுந்துருச்சு. கட்டித்தான ஆகோணும். எப்பெப்பக் கட்டுவே?"

நான் முழிச்சேன்.

"சில்லறையை முதல்ல எண்ணு. பெரிய நோட்டை அப்புறம் எண்ணிக்கலாம். இதுல எது சில்லறை?"

ஏப்ரல்ல ரெண்டு, நவம்பர்ல மூணுன்னு அவரே பிரிச்சுத் தேதி போட்டார். பரிச்சை ஃபீஸ் எவ்வளவுன்னு கேட்டு ஓரத்துல குறிச்சுக்கிட்டார். அப்புறம் டீ வந்துச்சு.

நான் அந்த மேஜையில அழுதேன். துக்கம் எல்லாம் இல்லை. ஒண்ணேகால் வருசம் வயித்துக்குள்ள இருந்த ஒண்ணு ஒரு தாள்ல ஒன்பது வரிதான்னு பார்த்ததும் உடம்பு விட்டுப் போச்சு.


26 மே, காலை 9.10

அக்கா இதைப் படிச்சுட்டுப் போன் பண்ணிட்டா. "அப்பா 11 நாள் பேசலையா? பேசாம இருந்தது நீதான்டா. அந்த சனிக்கிழமை ராத்திரியே பையை எடுத்துட்டு ஓடிட்டே. அப்பா தினமும் ஹாஸ்டல் போனுக்கு அடிச்சார், நீ இல்லைன்னு சொல்லச் சொன்னே"ங்கறா.

யோசிச்சுப் பார்த்தேன். ஹாஸ்டல்ல அந்த ஒத்தை போன், மாடிப்படிக்குக் கீழ, ஜூனியர் பசங்க வந்து "அண்ணா, உங்க வீட்ல இருந்து"ன்னு கதவைத் தட்டுவாங்க. ஞாபகம் வருது. நான் போர்வையை இழுத்து மூடிக்கிட்டுப் படுத்திருந்தேன்.

இருபது வருசமா அப்பா பேசலைன்னுதான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருந்தேன்.


27 மே, இரவு 10.15

"உங்கப்பா தெய்வம்", "கண் கலங்கிடுச்சு"ன்னெல்லாம் வருது. அவரை மகான் ஆக்காதீங்க. அவர் மிச்சம் கேட்ட கேள்விக்குப் பயந்துதானே நான் 41ன்னு போட்டுக் கொடுத்தேன். கேன்டீன்ல கேட்டதும் அதே ஆள்தான், அதே இன்வாய்ஸ்தான். முன்னாடி "எங்க?"ன்னு கேட்டார், அன்னிக்கு "எப்ப?"ன்னு கேட்டார். ரெண்டு எழுத்து மாறினதுக்கு அந்த லெட்டர் வர வேண்டியிருந்துச்சு. மனுசன் 47 ரூபா தோத்த பிறகுதான் மாறினார்.

அவர்கிட்ட ஒரு நாள் கேட்டேன், ஏம்ப்பா சின்ன வயசுல அப்படிக் கேட்டேன்னு. "நீ 84 வாங்கினது நல்ல மார்க்குன்னு எனக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரிஞ்சது 100 மட்டும்தான்"னார். இதுக்கு என்ன சொல்றதுன்னு இன்னும் தெரியல.


8 ஜூன், பகல் 12.20

கேள்வி கேட்ட அக்கா தனியா எழுதியிருந்தாங்க. துணைத் தேர்வுக்கு அப்ளை பண்ணியாச்சாம். பையன் சாப்பிடறானாம். ஆனா "நான் ஃபெயில்தானே"ன்னு எதுக்கெடுத்தாலும் சொல்றானாம், தண்ணி மோட்டார் போடச் சொன்னாக் கூட.

இதைப் பத்தி எங்க மாமா கதை ஒண்ணு சொல்லணும். அம்மாவோட தம்பி. 1989ல பிளஸ் 2 கெமிஸ்ட்ரி போச்சு. அப்பெல்லாம் மறுபடி எழுதணும்னா செப்டம்பர், அக்டோபர் ஆகிரும். அதுக்குள்ள காலேஜெல்லாம் தொடங்கிரும். பாஸ் பண்ணினாலும் அந்த வருசம் போனது போனதுதான். கூடப் படிச்சவன் பஸ்ல காலேஜ் போறதை டீக்கடையில உக்காந்து பார்க்கணும். மாமா அந்த ஒரு வருசம் பகல்ல தெருவுல நடக்க மாட்டார், சாயந்திரம் இருட்டின பிறகுதான் வெளிய வருவார்னு பாட்டி சொல்லும். ஒரு வருசங்கறது 17 வயசுல ரொம்பப் பெருசுங்க.

ரிசல்ட் வந்த உடனே துணைத் தேர்வு, அதே வருசம் காலேஜ்ங்கற ஏற்பாடு 2000களோட தொடக்கத்துல வந்தது. இது வர்றதுக்குப் பாடுபட்டவங்கள்ல சென்னை மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் முக்கியமானவங்க, 1986ல சினேகா தற்கொலைத் தடுப்பு மையத்தைத் தொடங்கினவங்க. பிள்ளைங்க உயிரை விடறாங்கன்னு எல்லாரும் அறிவுரை சொல்லிட்டு இருந்தப்ப, அந்த ஒரு வருசக் காத்திருப்பைக் குறைங்கன்னு கேட்டாங்க பாருங்க. அதான் விசயம். மனசைத் தேத்தறதுக்கு முன்னாடி தேதியைக் கிட்டக் கொண்டு வரணும்.

அதனால "ஏத்துக்கோ, ஏத்துக்கோ"ன்னு சொல்றதுல எனக்கு நம்பிக்கை இல்லை. ஃபாரத்தைப் பூர்த்தி பண்ணி, ஹால் டிக்கெட் கைக்கு வந்த பிறகு, அது பாட்டுக்கு நடக்கும். எனக்கு அப்படித்தான் நடந்துச்சு.

இன்னொண்ணும் தோணுது. மாமா காலத்துல தெருவுக்கு நாலு பேர் ஃபெயில். கூட்டமா உக்காந்து சீட்டாடினாங்க. இந்த வருசம் 95.03 சதவீதம் பாஸ். அந்தப் பையன் வகுப்புல அவன் ஒருத்தன்தான் ஃபெயிலா இருப்பான். கூட்டத்தோட தோக்கறது வேற, ஒத்தையில தோக்கறது வேற.


9 ஜூன், காலை 7.45

நேத்து "அது பாட்டுக்கு நடக்கும்"னு எழுதினது கொஞ்சம் ஓவர். நடக்காத ராத்திரிகளும் இருந்துச்சு. எம்3 மூணாவது தடவையும் போனப்ப ஹால் டிக்கெட்டும் தேதியும் ஒண்ணும் உதவல, கிரிக்கெட்தான் உதவுச்சு.

அப்புறம் ஒரு நண்பர் கணக்குப் போட்டு, அரியர் 9ன்னு சொல்றீங்களே, சரியான்னு கேட்டார். மாட்டிக்கிட்டேன். கிராஃபிக்ஸ் ரீவேல்யூவேஷன்ல பாஸ் ஆயிடுச்சு, அந்த ரிசல்ட்டை நானே லேட்டாத்தான் பார்த்தேன். ஆக, உள்ளபடி 8. 9ன்னு சொன்னாக் கெத்தா இருக்குன்னு அப்படியே விட்டுட்டேன். பாருங்க, ஃபெயிலுலயும் மார்க்கைக் கூட்டித்தான் சொல்றேன். வியாதி.


28 ஜூன், இரவு 9.00

பையன் கணக்கு எழுதிட்டானாம். வெளிய வந்ததும் அவங்கப்பா "எப்படி?"ன்னு கேக்கலையாம், "பரோட்டா சாப்பிடலாமா?"ன்னு கேட்டாராம். இவன் ரெண்டு செட்டு தின்னுட்டு, "பாஸ் மார்க் வந்துரும்"னானாம். அண்ணன் கடையில இருந்து தேறி வந்துட்டார் போல. சந்தோசம்.

என் எம்3 என்ன ஆச்சுன்னு கேக்கறாங்க. 2007 ஏப்ரல்ல எல்லாரும் காலேஜை விட்டுப் போயிட்டாங்க. எனக்கு மட்டும் எம்3. ஸ்டாண்டிங் அரியர் இருந்தா கேம்பஸ் இன்டர்வியூவுக்கே உள்ள விட மாட்டாங்க, அதனால வேலையும் இல்லை. நவம்பர்ல பழைய ஹாலுக்கே போய் ஜூனியருங்களோட உக்காந்து எழுதினேன். கண்காணிப்புக்கு வந்த மேடம் என்னை இன்விஜிலேட்டர்னு நினைச்சுப் பேப்பர் கட்டைக் கையில கொடுத்தாங்க. அதுல பாஸ். 51.

2020 ஆகஸ்ட்ல கொரோனாவுக்காக, ஃபீஸ் கட்டியிருந்தா அரியர் எல்லாம் பாஸ்னு அரசாங்கம் அறிவிச்சப்ப ஊரெல்லாம் பேனர் வெச்சாங்களே, அன்னிக்கு அப்பா பேப்பரைப் படிச்சுட்டு, "இன்னும் 13 வருசம் பொறுத்திருந்தா எம்3 எழுதியிருக்கவே வேண்டாமே கண்ணு"ன்னார். அவர் வாழ்க்கையில என்கிட்ட அடிச்ச ஒரே ஜோக். அப்புறம் யுஜிசி ஒத்துக்கலை, கோர்ட்டுக்குப் போச்சு, பரிச்சை வெச்சுட்டாங்க. ஜோக்கும் ஃபெயில்.


9 ஆகஸ்ட், காலை 7.30

பதினொண்ணாவது பொதுத்தேர்வு இந்த வருசத்துல இருந்து இல்லைன்னு நேத்து அறிவிச்சுட்டாங்க. மாநிலக் கல்விக் கொள்கையோட வந்த அறிவிப்பு. பிள்ளைங்களுக்கு ஒரு பரிச்சை குறைஞ்சுது, நல்லதுன்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்கு ரெண்டு மனசா இருக்கு. அந்தப் பரிச்சை 2018ல வந்ததே பதினொண்ணாவது பாடத்தை நடத்தாம விடற ஸ்கூலுங்களுக்குக் கடிவாளம் போடத்தான். கடிவாளத்தை எடுத்தாச்சு. திரும்பவும் பைண்டு பண்ணி அலமாரியில வெச்சுருவாங்களோன்னு பயம். மூணு வருசம் தொடர்ந்து பொதுத்தேர்வுன்னா பிள்ளைங்க என்ன பாடு படுங்கன்னும் தெரியுது. நான் இதுல ஒரு பக்கம் சாயல.

இழை எங்கயோ போயிருச்சு. அந்தப் பையன் பாஸ், 47 மார்க். மேல இருக்கற 47 ரூபாயோட சேர்த்துப் பார்த்து யாரும் ஜோசியம் சொல்லாதீங்க, ஏற்கெனவே ஒருத்தர் சொல்லிட்டார். பி.காம். சேர்ந்திருக்கான். அவங்கப்பாவுக்கு இன்னும் மனசு ஆறலையாம், சொந்தக்காரங்க கேட்டா "பி.காம்.தான்"னு இழுக்கறாராம். அந்தத் "தான்" போக இன்னும் கொஞ்ச நாள் ஆகும்.


12 அக்டோபர், இரவு 11.50

இதை எழுதறதா வேண்டாமான்னு ஒரு வாரம் யோசிச்சேன்.

பாப்பா எட்டாவது. காலாண்டுப் பேப்பர் கொடுத்துட்டாங்க. கணக்கு 61. ஆபீஸ் முடிஞ்சு வந்து, ஹெல்மெட்டைக் கூடக் கழட்டல, பேப்பரை நீட்டினா. என் வாய்ல இருந்து வந்துச்சு:

"மிச்சம் 39 எங்க?"

சத்தியமாச் சொல்றேன், நான் கேக்கல, அது அதுவா வந்துச்சு. அதே குரல், ஏத்தம் இல்லாம, இறக்கம் இல்லாம. இந்த இழையில ஐஞ்சு மாசமா ஊருக்கெல்லாம் புத்தி சொன்னவன்.

திண்ணைக் கட்டில்ல அப்பா படுத்திருந்தார். 74 வயசு, காது பாதிதான் கேக்கும்னு நாங்க நினைச்சுட்டு இருக்கோம். டக்குன்னு எந்திரிச்சு உக்காந்துட்டார். என்னைப் பார்த்தார். நான் பார்வையைத் திருப்பிக்கிட்டேன்.

பாப்பாவுக்கு என்னோட திருட்டு முழி எல்லாம் வரல. அவ சாதாரணமா, "மிச்சம் எங்கயும் இல்லப்பா. நான் எழுதவே இல்லை, எழுதாதது எப்படி எங்கயாவது இருக்கும்?"னா. சொல்லிட்டு, "டைம் பத்தல, வடிவியல் பூரா விட்டுட்டேன்"னு பேப்பரைத் திருப்பிக் காமிச்சா. கடைசிப் பக்கம் வெள்ளையா இருந்துச்சு.

அப்பா அந்தப் பேப்பரைக் கேட்டு வாங்கினார். கண்ணாடியைத் தேடினார், அது அவர் நெத்தியிலதான் இருந்துச்சு. முதல் பக்கத்து 61ஐப் பார்க்கல. ஒவ்வொரு பக்கமா விரலை எச்சில் தொட்டுத் திருப்பி, சரி போட்டிருக்கற கணக்குகளை மட்டும் பேனாவால ஓரத்துல கோடு போட்டுக் கோடு போட்டு எண்ணிட்டு வந்தார். நான் வாசல்லயே ஹெல்மெட்டோட நின்னுட்டு இருந்தேன்.

"அப்பாரு, என்ன எண்றீங்க?"ன்னு பாப்பா தாத்தாகிட்டக் கேட்டா.

"கலெக்‌ஷன் கண்ணு"ன்னார்.


14 அக்டோபர், காலை 6.40

பாப்பாகிட்ட மன்னிப்புக் கேட்டீங்களான்னு கேக்கறீங்க. இல்லைங்க, நான் அவகிட்ட மன்னிப்பெல்லாம் கேக்கல. கேக்கணும்னு இருந்தேன், அவ ஸ்கூல் வேன் வந்துருச்சு. வடிவியல் அப்பா சொல்லிக் கொடுக்க முடியாது, அவருக்கு வராது. நான் உக்காரணும். காம்பஸ் பாக்ஸ்ல பாகைமானி உடைஞ்சு கிடக்குது, சாயந்திரம் வரும்போது ஒண்ணு வாங்கணும்.